உளுந்து வியாபாரம் கற்க எது முதலில்: மண்டியா, ஏற்றுமதி அலுவலகமா, படிப்பா?

ரங்கூனில் பயறு வியாபாரத்துக்கு வர ஆசைப்படும் நம் பிள்ளைகளுக்கு இன்று மூன்று வழி இருக்கிறது. பயின்னவுங் மொத்தச் சந்தையில் ஒரு மண்டியில் சேர்ந்து சரக்கு பார்க்கப் பழகலாம். ஏற்றுமதி அலுவலகத்தில் எழுத்து வேலைக்குச் சேர்ந்து ஒப்பந்தம், வங்கி, கப்பல் காகிதங்களோடு பழகலாம். அல்லது எதிலும் சேருவதற்கு முன் ஒரு படிப்பை முடித்துச் சான்றிதழோடு வரலாம். நாலாவதாக ஒன்றையும் சில பிள்ளைகள் கேட்கிறார்கள். கைபேசிச் செயலியில் சிகாகோ சோளத்தையும் கோதுமையையும் வாங்கி விற்றுப் பழகினால் போதாதா என்று. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் அறுவடைப் பருவம் மண்டியில். அடுத்த வருஷம் அலுவலகத்தில். படிப்பு அந்த இரண்டாம் வருஷத்தில், வேலையோடு சேர்த்து. படிப்பைக் குறைத்து மதிப்பிட்டு இதைச் சொல்லவில்லை. பர்மா உளுந்துக்கு உள்ள ஆபத்துகள் பாடப்புத்தகத்தில் வரும் ஆபத்துகள் போல் இல்லை என்பதுதான் காரணம்.

அந்த ஆபத்து என்ன என்பதை முதலில் பார்த்துவிடுவோம். நம் உளுந்தும் துவரையும் பெரும்பாலும் ஒரே நாட்டுக்குத்தான் போகின்றன, இந்தியாவுக்கு. அங்கே மழை நன்றாகப் பெய்தால் இங்கே விலை இறங்கும், பொய்த்தால் ஏறும். அதைக்கூடச் சமாளிக்கலாம். ஒரே நாளில் வரும் அரசாணைதான் ஆளைச் சாய்ப்பது. 2017 ஆகஸ்ட் மாதம் இந்தியா துவரை இறக்குமதிக்கு 2 லட்சம் டன் என்று வரம்பு கட்டியது. அதே மாதம் உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் சேர்த்து 3 லட்சம் டன் என்று இன்னொரு வரம்பு வந்தது. அறுவடையில் வாங்கி, ஆடி ஆவணியில் நல்ல விலை வரும் என்று கிடங்கில் அடுக்கி வைத்திருந்தவர்கள் நிலை என்ன ஆகியிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. பிறகு 2021 மே மாதம் அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள். அதே வருஷம் இரண்டு அரசுகளும் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. அதன்படி ஐந்து வருஷத்துக்கு, வருஷம் ஒன்றுக்கு இரண்டரை லட்சம் டன் உளுந்தும் ஒரு லட்சம் டன் துவரையும் பர்மாவிலிருந்து இந்தியாவுக்குப் போகலாம் என்று முடிவானது. 2023 ஜூனில் அங்கே மொத்த வியாபாரிகள் துவரை, உளுந்து ஒவ்வொன்றிலும் 200 டன்னுக்கு மேல் இருப்பு வைக்கக் கூடாது என்று ஆணை வந்தது. வாங்குகிறவர் கிடங்குக்கே வரம்பு வந்தால், விற்கிற நம் கிடங்கில்தானே சரக்கு நிற்கும்?

இனி மண்டிக்கு வருவோம். பர்மியர்கள் ப்வெயோங் என்று சொல்லும் கமிஷன் மண்டிதான் இது. நம் முன்னோர் இந்த ஊரில் தொழில் கற்ற முறையும் கிட்டத்தட்ட இதுதான். மொகல் தெருவில் நகரத்தார் கடைகளில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் கணக்கு எழுதிப் பழகி, அடுத்தாளாகி, பிறகு கடையையே நடத்தும் நிலைக்கு வந்தான். அந்த முறையில் பெரிய பலம் ஒன்று உண்டு. பையன் கையில் பணம் வருவதற்கு முன்பே பணம் போகும் வழிகள் அவன் கண்ணில் பட்டுவிடும்.

மண்டியில் முதலில் கற்பது குத்தூசி. லாரி வந்து நின்றதும் மூட்டையின் மேல், நடு, அடி என்று பல இடத்தில் குத்தி, வரும் பயற்றை உள்ளங்கையில் பரப்பிப் பார்க்க வேண்டும். மேல் வரிசை மூட்டைகளில் மட்டும் நல்ல சரக்கை வைத்து அனுப்புவது எல்லா ஊரிலும் நடப்பதுதான், அதனால் உள் வரிசையில் குத்தாமல் விலை பேசக் கூடாது. கையில் வந்த பயற்றில் வண்டு துளைத்தது எத்தனை, சுருங்கியது எத்தனை, மண்ணும் கல்லும் எவ்வளவு, வேறு பயறு கலந்திருக்கிறதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடித்தால் பட்டென்று உடைய வேண்டும். நசுங்கினால் ஈரம் இருக்கிறது. ஈரத்தோடு வாங்கி வைத்தால் காயும்போது எடை குறையும், காயாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். மழைக்காலத்தில் ரங்கூன் கிடங்குகளில் காற்றே நனைந்திருக்கும் என்பதை மறக்கக் கூடாது. ஈரமானி இல்லாத மண்டி இன்று குறைவுதான். ஆனாலும் கருவி காட்டும் எண்ணையும் பல் சொல்வதையும் ஒன்றாக வைத்துப் பார்க்கப் பழகியவனை ஏமாற்றுவது கஷ்டம்.

உளுந்தில் எஃப்.ஏ.க்யூ. (சராசரித் தரம்), எஸ்.க்யூ. (சிறப்புத் தரம்) என்று இரண்டு தரம். இரண்டாவது பருத்த மணி, விலையும் கூடுதல். சென்னை ஆலைக்காரர்கள் அதைத்தான் விரும்பிக் கேட்பார்கள். காகிதத்தில் இந்த வேறுபாடு ஒரு வரிதான். கண்ணுக்குப் பழக ஒரு பருவம் முழுக்க வேண்டும். அளவும் அப்படித்தான். நெல்லுக்கு ஒரு கூடை 46 ராத்தல் (பவுண்டு), பயற்றுக்கு 72 ராத்தல். பயற்றுக் கூடை ஒன்றுக்கு 20 வீசை, கிட்டத்தட்ட 32.7 கிலோ. கிராமத்தில் கூடைக் கணக்கில் பேசியதை ரங்கூனில் டன் கணக்குக்கு மாற்றி, அதையே டாலருக்கு மாற்றிச் சொல்ல வேண்டும். இதை மனக்கணக்காகப் போட்டால்தான் பேரத்தில் நிற்க முடியும்.

இன்னொன்று, மண்டி ஆளை அறியக் கற்றுத்தரும். அறுவடைக்கு முன் கிராமத்து வியாபாரிக்கு முன்பணம் கொடுப்பது இங்கே வழக்கம். விலை ஏறிவிட்டால் அந்தச் சரக்கு வேறு மண்டிக்குப் போய்விடும். விலை இறங்கினால் எல்லாச் சரக்கும் நம் வாசலில்தான் வந்து இறங்கும். எந்த ஊர் வியாபாரி இரண்டு சமயத்திலும் சொன்ன சொல் காப்பாற்றினார் என்பது எந்தக் காகிதத்திலும் இருக்காது. மண்டி முதலாளியின் நினைவில்தான் இருக்கும். அந்த நினைவிலிருந்து ஒரு பங்கு வாங்கிக்கொள்ளத்தான் ஒரு பருவம் அங்கே உட்கார வேண்டும் என்கிறேன்.

மண்டியில் கற்க முடியாதது என்ன? அங்கே வாங்கி வைத்துக் காத்திருப்பதுதான் தைரியம் என்ற எண்ணம் சீக்கிரம் மனதில் ஏறிவிடும். பல வருஷமாக அது பலிக்கவும் செய்கிறது. ஆனால் எதனால் பலிக்கிறது என்று பார்க்க வேண்டும். கணக்குக்காக ஓர் எடுத்துக்காட்டு. ஒரு டன் உளுந்தை 28 லட்சம் சாட்டுக்கு (பர்மா நாணயம்) வாங்குகிறோம், அன்று வெளிச்சந்தையில் டாலர் 3,500 சாட். அதாவது வாங்கிய விலை 800 டாலர். மூன்று மாதம் கழித்து 30 லட்சத்துக்கு விற்கிறோம், அப்போது டாலர் 4,000 சாட். பேரேட்டில் டன்னுக்கு 2 லட்சம் லாபம் என்று எழுதியிருக்கும். டாலரில் பார்த்தால் 750. ஐம்பது டாலர் போய்விட்டது. அதற்கு மேல் வட்டி, கிடங்கு வாடகை, சாக்கு, எடைக் குறைவு எல்லாம் இருக்கிறது. இந்த லாபத்தை வைத்துக்கொண்டு அடுத்த பருவத்தில் அதே அளவு உளுந்து வாங்கப் போனால் பணம் பற்றாமல் போகலாம். சாட் மதிப்பு விழுந்ததால் வந்த லாபத்தைத் தன் திறமையால் வந்தது என்று நம்பிக் கையிருப்பை இரண்டு மடங்காக்குகிறவர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது. மண்டிப் பேரேட்டில் டாலருக்கென்று ஒரு பத்தி இருக்காது. அதைப் பிள்ளை தானே போட்டுக்கொள்ள வேண்டும்.

சரி, ஏற்றுமதி அலுவலகம்.

சம்பளமும் நேரமும் இங்கே ஒழுங்காக இருக்கும், குளிர்சாதன அறையும் உண்டு. பெற்றோருக்குப் பிடிப்பது இதுதான். கற்பதும் நிறைய. ஒரு விற்பனை எஃப்.ஓ.பி. ரங்கூன் (ரங்கூனில் கப்பலேற்றுவது வரையான விலை) என்று பேசப்பட்டதா, சி.என்.எஃப். சென்னை (சென்னை வரை கப்பல் கூலியும் சேர்ந்த விலை) என்று பேசப்பட்டதா என்பதில் கப்பல் கூலியை யார் தருவது என்பது மாறும். சி.என்.எஃப். என்றால் கூலி நம்முடையது, ஆனால் சரக்கு கப்பலில் ஏறிய பிறகு நடப்பது வாங்குகிறவர் பாடு. இது பலருக்குப் புரிவதில்லை. கூலி நாம் கொடுப்பதால் ஆபத்தும் கரை சேரும் வரை நம்முடையது என்று நினைத்துக்கொள்கிறார்கள். கடல் ஆபத்துக்குக் காப்பீடு எடுப்பது யார் என்று பேசாமலே ஒப்பந்தம் முடிந்துவிடுகிறது.

அப்புறம் எல்.சி., அதாவது சரியான காகிதங்கள் வந்தால் பணம் தருவதாக வாங்குகிறவரின் வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம். உலகெங்கும் வங்கிகள் 2007 முதல் யு.சி.பி. 600 விதிகளின்படிதான் எல்.சி.யைக் கையாளுகின்றன. அந்த விதிகளின் சாரம் இதுதான்: வங்கி காகிதத்தைத்தான் பார்க்கும், சரக்கைப் பார்க்காது. சரக்கு முதல் தரமாக இருந்தாலும் கப்பல் ரசீதில் எடையும் விலைப்பட்டியலில் எடையும் ஒத்துப்போகாவிட்டால் பணம் நின்றுவிடும். புகையூட்டல் சான்றிதழ், பயிர்நலச் சான்றிதழ், உற்பத்தி நாட்டுச் சான்றிதழ் எல்லாவற்றிலும் பெயர், மூட்டை எண்ணிக்கை, கொள்கலன் எண் ஒன்றுக்கொன்று முரண்படாமல் இருக்க வேண்டும். எல்.சி.யில் வேறு கெடு சொல்லாவிட்டால் கப்பலேறி 21 நாளுக்குள் காகிதங்களைக் கொடுத்தாக வேண்டும். விலை ஏறும் காலத்தில் சின்னப் பிழையை வாங்குகிறவர் கண்டுகொள்ளமாட்டார். விலை இறங்கிவிட்டால் அதே பிழையைக் காட்டித் தள்ளுபடி கேட்பார். காகிதப் பிழை விலை ஆபத்தாக மாறும் இடம் இது. மண்டியில் எத்தனை வருஷம் இருந்தாலும் இதைக் கற்க முடியாது.

2017 போன்ற ஆணை வரும் நாளில் அலுவலகம் என்ன கற்றுத்தரும் என்று யோசித்துப் பாருங்கள். இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தால் முதலில் எழும் கேள்வி, ஆணை வருவதற்கு முன்பே திரும்பப் பெற முடியாத எல்.சி. திறக்கப்பட்டதா, சரக்கு கப்பலேறிய தேதி என்ன என்பதுதான். சென்னையிலிருக்கும் நண்பர் தொலைபேசியில் கொடுத்த வாக்குக்கு அந்த நாளில் எடை இல்லை. எல்.சி. வராமல் சரக்கை வாங்கி அடுக்காதே என்று பெரியவர்கள் சொல்வதன் பொருள் அன்றைக்குத்தான் விளங்கும்.

நாணயமாற்று விஷயமும் அலுவலகத்தில்தான் பழகும். மத்திய வங்கியின் குறிப்பு வீதம் 2022 ஆகஸ்ட் முதல் டாலருக்கு 2,100 சாட். வெளிச்சந்தை வீதம் அதைவிட வெகு உயரமாகப் போய்விட்டது. ஏற்றுமதியில் வரும் டாலரில் ஒரு பங்கைக் குறைந்த வீதத்தில் மாற்றித்தான் ஆக வேண்டும், அந்தப் பங்கு எவ்வளவு என்பதும் ஆணைக்கு ஆணை மாறியிருக்கிறது. அதனால் ஏற்றுமதிக்காரரின் உண்மையான டாலர் விலை இரண்டு வீதமும் கலந்தது. அந்தக் கலவையைப் போட்டுப் பார்க்காமல் மண்டி விலைக்குத் தலையாட்டினால் கப்பலேறும்போதே நஷ்டம்.

அலுவலகத்தின் குறை ஒன்றே ஒன்று, ஆனால் பெரியது. அங்கே உளுந்து ஒரு கோப்பு எண். நேராக அங்கே சேர்ந்த பிள்ளைகள் அழகான ஆங்கிலத்தில் தர விவரம் எழுதுவார்கள். அந்த விவரத்துக்குக் கிடங்கில் இருக்கும் சரக்கு பொருந்துமா என்று கேட்டால் ஆய்வு நிறுவனத்தின் சான்றிதழைத் தேடுவார்கள்.

படிப்புக்கு வருகிறேன். இங்கே வணிகத் தொழில் சங்கக் கூட்டமைப்பு ஏற்றுமதி இறக்குமதிப் பயிற்சிகள் நடத்துகிறது. அடிப்படைக்கு அது போதும், செலவும் தாங்கும். வெளிநாட்டுப் படிப்புகளில் நான் மதிப்பது லண்டன் காஃப்டா சங்கத்தின் தொலைநிலைப் படிப்பை. தானிய வியாபாரத்தின் மாதிரி ஒப்பந்தங்களையும் நடுவர் தீர்ப்பு முறையையும் வகுத்து வைத்திருக்கும் சங்கம் அது. அதன் பயன் எப்படிப்பட்டது என்று ஓர் உதாரணத்தில் சொல்கிறேன். காஃப்டா மாதிரி ஒப்பந்தத்தில் தடை பற்றிய ஒரு விதி உண்டு. சரக்கு புறப்படும் நாட்டின் அரசு ஏற்றுமதியைத் தடுத்தால் விற்பவருக்குப் பாதுகாப்பு தரும் விதி அது. சரக்கு போய்ச் சேரும் நாடு இறக்குமதியைத் தடுத்தால் அந்த விதி பேசாது. நமக்கு வந்த அடியோ இரண்டாவது வகை. அப்படியானால் வாங்குகிறவர் கையை விரிக்க அந்த விதியில் இடமில்லை என்று சொல்லும் பலம் விற்பவருக்கு இருக்கிறது, ஒப்பந்தம் அந்த மாதிரிப்படி எழுதப்பட்டிருந்தால். நான் பார்த்த உள்ளூர் ஒப்பந்தங்களில் பல, ஒரு பக்கத்தில் விலை, அளவு, மாதம் என்று எழுதி முத்திரையோடு முடிந்துவிடுபவை. படித்த பிள்ளை ஒருவன் அந்தப் பக்கத்தில் இரண்டு வரி சேர்த்தால் ஒரு குடும்பமே தப்பிக்கலாம்.

ஆனால் விலை ஆபத்து மேலாண்மை என்ற பெயரில் வரும் பெரும்பாலான படிப்புகள் முன்பேர வணிகத்தைச் சுற்றியே இருக்கும், அதாவது பின்வரும் மாதத்துச் சரக்குக்கு இன்றே சந்தையில் விலை பேசி வைப்பது. கிடங்கில் கோதுமை வாங்கிய அன்றே சந்தையில் அதே அளவு முன்பேரம் விற்று வை, விலை இறங்கினால் இங்கே போவது அங்கே வரும் என்று சொல்லித்தருவார்கள். கோதுமைக்குச் சரி. உளுந்துக்கும் துவரைக்கும் இந்தியாவில் முன்பேர வணிகம் 2007 ஜனவரியிலேயே தடைசெய்யப்பட்டது. 2021இல் கொண்டைக்கடலை, பாசிப்பயறு முன்பேரங்களையும் நிறுத்தினார்கள். நம் சரக்கை விற்றுவைக்க ஒரு சந்தை இல்லை. இது தெரியாமல் ஆறு மாதம் விலை வரைபடம் வரையக் கற்றுக்கொண்டு வருகிறவன், பயின்னவுங்கில் முதல் நாளே கையில் ஆயுதம் இல்லாமல் நிற்பான்.

மக்காச்சோளத்தில் இறங்குவதாக இருந்தால் கணக்கு கொஞ்சம் மாறும். அது பெரும்பாலும் தாய்லாந்துக்குப் போகிறது. பல வருஷமாகப் பிப்ரவரி முதல் ஆகஸ்ட் வரை அங்கே வரியில்லாமல் நுழைந்து வந்திருக்கிறது. சிகாகோ விலையின் நிழல் அதன்மேல் விழும். அங்கே முன்பேரப் பாடத்துக்கு அதிகப் பயன் உண்டு. பயற்றுக்காரருக்கு அந்தப் பாடத்தில் வேண்டியது ஒரே ஒரு பழக்கம்: வாங்கி விற்காதது எவ்வளவு, விற்று வாங்காதது எவ்வளவு என்று ஒவ்வொரு நாள் மாலையும் எழுதி, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்ப்பது.

முன்பேரச் சந்தை இல்லாத சரக்கில் பாதுகாப்பு அந்த வித்தியாசத்தைச் சிறிதாக வைத்திருப்பதுதான். விலை ஐந்தில் ஒரு பங்கு இறங்கினால் வீடு தாங்குமா என்று கேட்டு, தாங்கும் அளவுக்கு மட்டும் விற்காத சரக்கை வைக்க வேண்டும். சென்னையிலிருந்து உறுதி வந்த அன்றே அந்த அளவை இங்கே வாங்கிவிட வேண்டும், நாளைக்கு இறங்கும் என்று காத்திருக்கக் கூடாது. அவர்கள் கடிகாரம் நம்மைவிட ஒரு மணி நேரம் பின்னால். அதனால் அங்கே பத்து மணிக்குப் பேசி முடித்தாலும் இங்கே மண்டியில் வாங்க அன்றைய பகல் மிச்சமிருக்கும். எல்லாச் சரக்கையும் ஒரே வாங்குகிறவருக்கும் விற்கக் கூடாது. உளுந்து, துவரை, பாசிப்பயறு மூன்றையும் வைத்திருப்பதைப் பரவலாக்கம் என்று நினைக்கவும் கூடாது. இந்தியாவுக்கே விற்கும் வரை மூன்றும் டெல்லியின் ஒரே மேசையிலிருந்து வரும் ஆணைக்குக் கட்டுப்பட்டவை.

இந்த ஊரில் நம்மவர்களுக்கு இது முன்பே ஒரு தடவை நடந்திருக்கிறது. 1930இல் நெல் விலை சரிந்தபோது நகரத்தார் கடன்களுக்கு ஈடு பெரும்பாலும் நெல் நிலமாகவே இருந்தது. கடன் திரும்பவில்லை, நிலம் வந்து சேர்ந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் அவர்கள் கையிலிருந்த விளைநிலம் 1930இல் நூற்றுக்கு 6 என்றிருந்தது 1937 வாக்கில் 25 ஆனது. விரும்பி வாங்கிய நிலம் இல்லை அது. கணக்கு எழுதுவதில் அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது, ஆளை எடைபோடுவதிலும் அப்படியே. பெட்டியடியில் கற்ற எல்லாமும் சரியாகத்தான் இருந்தது, ஆனால் பெரும்பாலான ஈடும் ஒரே பயிரின் விலையில் தொங்கிக்கொண்டிருந்தது. மண்டியோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள், இரண்டாவது வருஷம் கட்டாயம் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

செயலியில் சோளம் விளையாடுவது வேண்டாம். சிகாகோவில் ஒரு சோள ஒப்பந்தம் 5,000 புஷல், சுமார் 127 டன். விலை ஒரு சென்ட் அசைந்தால் 50 டாலர். மிகச் சிறிய பிணைத்தொகையில் அவ்வளவு பெரிய சரக்கைக் கையில் பிடித்திருப்பவன் ஓர் இரவில் எல்லாவற்றையும் இழக்கலாம். அங்கே ஈரம் பார்ப்பதும் இல்லை, காகிதம் பார்ப்பதும் இல்லை, ஆளை அறிவதும் இல்லை. ஆகவே நம் தொழிலில் ஒரு துளியும் கற்க முடியாது. இங்கிருந்து பணம் அனுப்பச் சொல்லும் செயலிகளில் எதிரே இருப்பவர் யார் என்றே தெரியாது என்பது தனி ஆபத்து.

இந்த வரிசை எல்லாருக்கும் பொருந்தாது. பெகு பக்கம் பயிர்செய்யும் வீட்டுப் பிள்ளை சின்ன வயதிலிருந்தே களத்தில் பயறு தூற்றி வளர்ந்திருந்தால் அவனுக்கு மண்டிப் பருவம் பாதி போதும், நேராக அலுவலகம் போகலாம். குடும்பமே மண்டி வைத்திருந்தால் பிள்ளையை வேறொருவரிடம் அனுப்புங்கள். அப்பா கடையில் யாரும் அவனைத் திருத்தமாட்டார்கள். பெண் பிள்ளைகளை மண்டிக்கு அனுப்பப் பலர் தயங்குகிறார்கள். ஒரு காலை நேரம் சந்தைக்குள் போய், பர்மியப் பெண்கள் பேரமும் கணக்கும் நடத்துவதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கையில் ஏற்கெனவே முதல் இருந்து, இந்த வருஷமே வாங்கியாக வேண்டும் என்ற நிலையில் இருப்பவர் மட்டும் வரிசையைத் திருப்பிப் போடலாம். முதலில் ஒப்பந்தத்தையும் எல்.சி.யையும் புரிந்துகொண்டு, சரக்கு பார்க்க நம்பிக்கையான தரகரைக் கூலிக்கு வைத்துக்கொள்ளலாம்.

மண்டியில் சேருவதென்றால் தை பிறந்ததும் சேருங்கள். அப்போது மேல் பர்மாவிலிருந்து துவரை வந்துகொண்டிருக்கும். மாசி, பங்குனியில் பெகு, ஐராவதி பக்கத்து உளுந்து இறங்கும். ஏப்ரலில் தண்ணீர்த் திருவிழாவுக்குச் சந்தை மூடும் முன் புதுச் சரக்கின் நல்லது கெட்டது இரண்டும் கையில் பட்டுவிடும். விடுமுறை முடிந்ததும் ஊருக்குப் போய்விடாமல் மழைக்காலத்திலும் இருங்கள். அறுவடையில் வாங்கி அடுக்கிய மூட்டைகளில் எதில் வண்டு விழுகிறது, எது எடை குறைகிறது, முதலாளி எதை முதலில் விற்கிறார் என்று அப்போதுதான் தெரியும்.